நாப்பதாவது வரி

...நடுங்குறாளுங்கம்மா! நேர்ல பாத்தாத்தான் நம்புவே. முப்பது வருஷம், நாப்பது வருஷம் செஸ் ஆடின பொம்பளைங்க, மழையில நனைஞ்ச கோழியாட்டம் உக்காந்து நடுங்குறாளுங்க! இதுகளோட ஒண்ணா அணி வேன்ல போறதை விட இந்த ஓட்டை வேனே தேவலைன்னு ஓடி வந்து ஏறிட்டேன். கொஞ்சம் தள்ளி உக்காரு கண்ணு. ஐயய்யோ, முன்னாடி சீட்டுக்கா போற? வேண்டாம், வேண்டாம், அங்க டிரைவர் சிகரெட் புகையை உன் மூஞ்சியிலதான் விடுவான். இங்கயே இரு. ஆள் ரொம்பினாத்தான் எடுப்பான். இன்னும் நாலு பேர் வரணும். குத்தாய்சிதானே போற? நானும்தான். நல்லதாப் போச்சு.

பேர் சியாலா. குத்தாய்சி மகளிர் அணி, ரெண்டாம் பலகை. கேள்விப்பட்டிருக்கியா? இல்லையா? சரி விடு. உன் வயசுப் பொண்ணுங்களுக்கு போன்தானே உலகம். எங்க காலத்துல கல்யாணச் சீர்ல தலையணை உறையோட செஸ் பலகையும் வைப்பாங்க தெரியுமில்ல? எங்கம்மா வச்சா. என் மாமியா அதைத் திறந்து பாத்துட்டு, "வீட்டு வேலைக்கு வந்தியா, ராஜாவை மொறைக்க வந்தியா"ன்னு கேட்டா. ரெண்டுக்கும்தான்னேன். பதறலையே நான்! அன்னைக்கே பதறலை. இந்த உடம்புல பதட்டம்னு ஒண்ணு ஓடினதே கிடையாது.

நீ என்ன படிக்கிற? பல் டாக்டருக்கா? அடேயப்பா. பரீட்சைன்னா கை நடுங்குமா? நடுங்கும், இல்ல? பாத்தியா. நாளைக்கு யார் வாயிலயாவது ஊசியை வச்சுகிட்டு நடுங்கப் போற. நான் சொல்றதைக் கேட்டுக்கோ, உனக்குத்தான் பிரயோஜனம்.

இன்னைக்கு இங்க பத்தூமியில என்ன ஆட்டம்னா, முதல் டிவிஷனோட கடைசி ஆட்டம். ஒவ்வொரு அணியிலயும் நாலு பேர், நாலு பலகை. நாங்க ரெண்டு புள்ளி எடுத்தா முதல் டிவிஷன்ல இருப்போம். எடுக்கலைன்னா கீழ ரெண்டாம் டிவிஷன்ல போய் விழணும். அங்க யார் ஆடுவா? ஸ்கூல் பிள்ளைங்களும், ரிட்டையர் ஆகி பொழுது போகாத பொம்பளைங்களும். முப்பத்தொரு வருஷம் கண்ணு! முப்பத்தொரு வருஷம் எங்க அணி முதல் டிவிஷனை விட்டு இறங்கினது கிடையாது.

அதனால எங்க கேப்டன் குராம் இருக்கானே, அவன் ஒரு வேலை செஞ்சான் பாரு. மனசைப் பத்திப் படிச்ச ஒரு பையனை திபிலிசியிலேருந்து கூட்டிட்டு வந்தான். தாடியும் காதுல கடுக்கனும். ஜிம் தரையில பாயைப் போட்டு எங்களைப் படுக்கச் சொன்னான். எங்களை! எனக்கு முட்டி மடங்காது. "கண்ணை மூடுங்க, ஒரு ஏரியை நினைச்சுக்கோங்க, தண்ணி அசையாம இருக்கு, மூச்சை உள்ள இழுங்க..." நான் ஒரு கண்ணைத் திறந்து பாக்குறேன், நாலாம் பலகைக்காரி குறட்டை விடுறா! அந்தத் தாடி என்னடான்னா, "அருமை, இவங்கதான் நல்லா இளகியிருக்காங்க"ங்குறான். அவ இளகின லட்சணம் இன்னைக்குப் பாத்தோமே. இருபத்திரெண்டாவது மூவ்ல ராணியைத் தூக்கிக் குடுத்துட்டு, ஏரியில முழுகிட்டா.

அந்தக் குராம் ஒரு ஆம்பளையா? நாக்குக்கு அடியில பிரஷர் மாத்திரை, பாக்கெட்டுல சூரியகாந்தி விதை. மாத்திரை ஒரு பக்கம், விதை ஒரு பக்கம். கொறிச்சு கொறிச்சு தொலியை கையிலயே வச்சுகிட்டு நிப்பான், குப்பைத் தொட்டி எங்கேன்னு பாக்கக்கூட பயம். இவன் கேப்டன்!

ஆனா எல்லாரையும் தூக்கிச் சாப்பிடுறவ ஒருத்தி இருக்கா. நதேலா. முதல் பலகை. ஆமா, நல்லாத்தான் ஆடுவா, இல்லைன்னு சொல்லலை. என் கூட ஒண்ணாவதுல இருந்து படிச்சவ. ஒரே பெஞ்சு. ஒரே டீச்சர்கிட்ட செஸ் கத்துகிட்டோம். என் கல்யாணத்துக்கு எனக்கு முன்னாடி அழுதவ, என் புருஷன் செத்தப்போ நாப்பது நாள் என் வீட்டுலயே கிடந்தவ. அதெல்லாம் வேற. நான் இப்போ பலகையைப் பத்திப் பேசுறேன். பலகை முன்னாடி உக்காந்தா அவளுக்கு விக்கல் வந்துரும்! சிரிக்கிறியா? நிஜமாத்தான். நேரம் கம்மியாச்சுன்னா... ஹிக்! ரெண்டு தண்ணி பாட்டில் காலி பண்ணுவா, நிக்காது. ஹிக்! ஹால் முழுக்க கேக்கும். கழுத்துல ஒரு பச்சை சால்வை, அதோட குஞ்சத்தைத் திரிச்சுத் திரிச்சு, இப்போ பாதி சால்வைதான் மிச்சம். நாப்பது வருஷமா நான் அந்த விக்கலைக் கேட்டுகிட்டே பக்கத்துப் பலகையில ஆடுறேன். எனக்கு எதாவது ஆச்சா? ஒண்ணும் ஆகலை.

ஏன் ஆகலை? அதுலதான் விஷயம் இருக்கு. இந்தா, இதைச் சாப்பிடு, வால்நட்டைக் கோத்து திராட்சைச் சாத்துல முக்கினது, எங்க வீட்டுக் கொடியில பழுத்த திராட்சை. சாப்பிடு, சாப்பிடு, பல்லுக்கு ஒண்ணும் ஆகாது... சரி, நீதான் டாக்டர்.

எங்க டீச்சர் ஒரு முறை கத்துக் குடுத்தாங்க. பழைய முறை. மூவை யோசிச்சியா? உடனே காயைத் தொடாதே. முதல்ல தாள்ல எழுது. பேனாவைக் கீழ வை. ரெண்டு கையையும் தொடைக்கு அடியில சொருகிக்கோ. அப்புறம் யாரோ மூணாம் மனுஷி பலகையைப் பாக்குற மாதிரி ஒரு தடவை பாரு. சரியா இருந்தா, அப்போ நகத்து. அவ்வளவுதான்! ஏரியும் வேண்டாம் குளமும் வேண்டாம். எழுது, வை, பாரு, நகத்து. அம்பது வருஷமா இதுதான் எனக்குச் சாமி கும்பிடுற மாதிரி.

இதைப் போய் தடை பண்ணிட்டானுங்க! ஆமாங்குறேன்! முதல்ல நகத்தணுமாம், அப்புறம்தான் எழுதணுமாம். முன்னாடியே எழுதினா, குறிப்பு வச்சுகிட்டு ஆடுற மாதிரியாம். என்ன குறிப்பு? என் மண்டையில இருக்கிறதை நான் எழுதிப் பாத்தா அது காப்பியடிக்கிறதா? எவனோ எங்கேயோ கோட்டு போட்டு உக்காந்து எழுதின சட்டம். எல்லா நடுவரும் கண்டும் காணாம விட்டுருவாங்க, "பழைய ஆளு, விடு"ன்னு. இன்னைக்கு வந்த நடுவர் இருக்கானே, பேர் ஓத்தாராம், இஸ்திரி போட்ட சட்டை, விறைச்ச கழுத்து. எட்டாவது மூவ்லயே வந்து காதுகிட்ட குனிஞ்சு, "அம்மா, முதல்ல நகத்துங்க. இன்னொரு தடவை எழுதினா எதிராளிக்கு ரெண்டு நிமிஷம் கூடக் குடுப்பேன்"ங்குறான். என் பையன் வயசு! நான் பதறினேனா? "சரிப்பா"ன்னேன். சொல்லிட்டு, இடது கையைத் தாள் மேல குடை மாதிரி வச்சுகிட்டு, அடியில பழையபடி எழுதினேன். எப்படி? ஹஹ்! அவன் கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுகிட்டுத் திரிஞ்சும் கண்டுபிடிக்கலை.

ஆ, எடுத்துட்டான். கடைசியில மூணு பேர் போதும்னு எடுத்துட்டான் பாரு. ஜன்னலை முழுசா மூடாதே, எனக்கு மூச்சு முட்டும்.

எனக்கு எதிர்ல ஒரு குட்டி. பத்தொம்பது வயசு. பச்சை கலர் நகம். மேசைக்கு அடியில கால் ஆட்டுறா பாரு, பலகையில குதிரை எல்லாம் தானா துள்ளுது! நான் அவளையே பாத்தேன். நிறுத்தினா. ரெண்டு நிமிஷம் கழிச்சு மறுபடி ஆட்டுறா. பயம்! முழுக்க பயம்!

முப்பத்தொண்ணாவது மூவ்ல எனக்கு ஒரு பொறி வச்சா. நல்ல பொறிதான், ஒத்துக்குறேன். ராணியால ஒரு சிப்பாயை வெட்டுன்னு வா வான்னு கூப்பிடுது. நான் கையைக் குடை பிடிச்சு, "ராணி வெட்டு"ன்னு எழுதினேன். பேனாவை வச்சேன். கையைச் சொருகினேன். மூணாம் மனுஷியாப் பாத்தேன்... அம்மாடி! வெட்டியிருந்தா ரெண்டு மூவ்ல என் ராஜா காலி! இதையே அந்தத் தாடிக்காரன் சிஷ்யைங்க ஆடியிருந்தா? டப்புன்னு வெட்டியிருப்பாளுங்க. நான் எழுதினதை ஒரு கோடு போட்டு அடிச்சேன். அந்த நேரம் பாத்து ஓத்தார் எங்க வரிசைக்குள்ள வர்றான். சட்டுன்னு அடிச்ச வரியைக் கையால மூடிட்டு, யானையை நகத்திட்டு, அடுத்த வரியில சுத்தமா எழுதினேன். அவன் பாக்குறான், நான் நல்ல பிள்ளையா நகத்தினதுக்கு அப்புறம் எழுதுறேன்! இதுக்குப் பேர்தான் நிதானம். அப்புறம் அவ பொறியே அவளுக்கு வினையாச்சு, ஒரு குதிரை எனக்கு இனாம். குதிரை கூடுதலா வச்சுகிட்டு நான் தோக்கணும்னா தூங்கிகிட்டே ஆடணும்.

அதுக்குள்ள மத்த மூணு பலகையும் முடிஞ்சுருச்சு. மூணாம் பலகைக்காரி ஜெயிச்சுட்டா, நாலாம் பலகை ஏரியில, நதேலா விக்கி விக்கி டிரா. ஒண்ணரைக்கு ஒண்ணரை. என் பலகைதான் பாக்கி. நான் ஜெயிக்கக்கூட வேண்டாம். டிரா பண்ணினாலே போதும், முதல் டிவிஷன்ல இருப்போம்.

இப்போ கடிகாரத்தைப் பத்திச் சொல்லணும் உனக்கு. ஆளுக்கு ஒரு கடிகாரம், நகத்திட்டுத் தட்டினா நம்மது நிக்கும், எதிராளியோடது ஓடும். எங்க லீக்ல ஆளுக்கு ரெண்டு மணி நேரத்துக்குள்ள நாப்பது மூவ் ஆடி முடிக்கணும். முடிச்சுட்டா இன்னொரு மணி நேரம் தருவாங்க. முடிக்கலைன்னா, குதிரை கூட இருந்தாலும் சரி, யானை கூட இருந்தாலும் சரி, தோல்விதான். நேரம் கரையும்போது மத்தவளுங்க கிறுக்குவாளுங்க, கோடு போடுவாளுங்க, எண்ணிக்கையை விட்டுருவாளுங்க. நான் முத்து முத்தா எழுதுவேன். கடிகாரத்துல ஆறு நிமிஷம் மிச்சம் இருக்கும்போது நாப்பதாவது வரி நிரம்பிடுச்சு. எழுதினேன், பாத்தேன், காயை நகத்தினேன், கடிகாரத்தைத் தட்டினேன், பேனாவை மூடினேன். பாவாடையை நீவி விட்டுகிட்டு எழுந்தேன். இனி ஒரு மணி நேரம் இருக்கு. எதுக்கு அவசரம்? டீ குடிக்கப் போனேன்.

ஹாலைத் தாண்டிப் போறேன், என் கூட்டத்தைப் பாக்கணுமே! ஆளுக்கொரு மூஞ்சி. குராம் சுவத்துல சாஞ்சு, வாயில மாத்திரை, கையில இருந்த தொலி எல்லாம் தரையில. நதேலா எழுந்து நிக்கிறா, சால்வையை ரெண்டு கையாலயும் முறுக்கிகிட்டு. நான் நினைச்சேன், பாரு, ஜெயிக்கிற பலகையைப் பாத்தே இப்படி நடுங்குறாளே, இவளுக்கு என்ன வைத்தியம் பண்றதுன்னு.

கேன்டீன்ல எலுமிச்சம்பழம் போட்டு டீ வாங்கினேன். ஒரு பீன்ஸ் ரொட்டி. சூடா இருந்துச்சு, நல்லா இருந்துச்சு. பல்லைப் பத்தி உன்கிட்ட ஒண்ணு கேக்கணும், இந்த இடது கடவாய்ப்பல்லு சூடு பட்டா... சரி, அப்புறம். ஊதி ஊதிக் குடிக்கிறேன். தலையைத் தூக்கினா, கேன்டீன் வாசல்ல நதேலா! பின்னாடியே வந்துருக்கா! உள்ள வரலை. வாயைத் திறக்குறா, மூடுறா. திறக்குறா, மூடுறா. கரையில எடுத்துப் போட்ட மீனாட்டம். கண்ணு ரெண்டும் பிதுங்குது. ஹிக்! நான் சும்மா இருப்பேனா? "அடியே, ஏரியை நினைச்சுக்கோ!"ன்னு கத்தினேன். கேன்டீன்காரி விழுந்து விழுந்து சிரிச்சா. நதேலா சிரிக்கலை. பக்கத்து மேசையில இருந்த சர்க்கரைக் கிண்ணத்தைத் தட்டி விட்டா. படார்னு உடைஞ்சு தரை பூரா சர்க்கரை. பாரு, கையில ஒரு சாமான் நிக்கமாட்டேங்குது! நான் மிச்ச ரொட்டியை நிதானமா மென்னு முழுங்கிட்டுத்தான் எழுந்தேன்.

திரும்பி வந்தா... கடிகாரம் நின்னுருக்கு. ஓத்தார் பக்கத்துல நிக்கிறான், கையைக் கட்டிகிட்டு. "நேரம் முடிஞ்சது. முப்பத்தொம்பது மூவ்தான். நீங்க தோத்துட்டீங்க."

முப்பத்தொம்பதாம்! எனக்கு! அவன் தாளைக் காட்டுறான், அந்தக் குட்டி தாளைக் காட்டுறா, ரெண்டுலயும் முப்பத்தொம்பதாம். ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு மூவை முழுங்கிட்டாங்கன்னேன். "உங்க தாளைக் குடுங்க"ன்னான். குடுப்பேனா? கிழிச்சுப் போட்டா? பைக்குள்ள வச்சுட்டேன். கையெழுத்தும் போடலை.

திரும்பிப் பாத்தா நதேலா நிக்கிறா, கன்னமெல்லாம் கண்ணீர். எனக்கு வந்துச்சே ஆத்திரம்! எல்லார் முன்னாடியும் கேட்டேன். "துக்க வீட்டுக்கு வந்தவ மாதிரி மூஞ்சியை வச்சுகிட்டு என் பின்னாடியே சுத்தினியே, உன் பீடைதாண்டி என்னைப் புடிச்சது! நாப்பது வருஷமா உன் விக்கலைச் சுமந்தேன், போதும், இனிமே என் வீட்டு வாசப்படி மிதிக்காதே"ன்னேன். சொல்லிட்டேன். அவ? ஹிக்குன்னா. அவ்வளவுதான். பையைத் தூக்கிகிட்டு வந்துட்டேன்.

இந்தா, இப்போகூட போன் அடிக்கிறா. ஆறாவது தடவை. எடுக்க மாட்டேன். அடிக்கட்டும்.

நான் சும்மா விடப் போறதில்லை. நாளைக்கே சங்கத்துக்குப் புகார். நீ படிச்ச பொண்ணு, நீ எண்ணிப் பாத்து சாட்சி சொல்லு போதும். இரு, எடுக்குறேன்... இந்தா. கண்ணாடி இல்லாம எனக்கு இந்த வேன்ல வரி தெரியாது. கீழ வரைக்கும் பாரு, நாப்பதுன்னு அச்சடிச்சிருக்கா? அதுக்கு நேரா நான் எழுதியிருக்கேனா? இருக்குல்ல! அப்படிச் சொல்லு! இப்போ மேலேருந்து ஒண்ணு ஒண்ணா விரலை வச்சு எண்ணு. அச்சடிச்ச நம்பரை நம்பாதே, ஓத்தார் அதையும் குறை சொல்வான், மூவை எண்ணு... அவசரப்படாம எண்ணு... கொபுலேத்தி தாண்டிட்டோம் போல...

எத்தனை?

சரியா எண்ணலை நீ. வேன் குலுங்குது. இன்னொரு தடவை எண்ணு.

...முப்பத்தொம்பதா? எப்படிம்மா வரும்? எதையோ விட்டுட்ட. எதை விட்ட? எந்த வரி? குடு இங்க, விரலை வச்சுக் காட்டு. இதுவா? இது ஏன் விட்ட, எழுதியிருக்குல்ல? அடிச்சிருக்கா... ஆமா, அடிச்சிருக்கு. ராணி வெட்டு. நான்தான் அடிச்சேன். அதுக்குப் பக்கத்துல அவ கட்டம் காலி. அடுத்த வரியிலதான் யானை... யானைதான் முப்பத்தொண்ணாவது.

ஓ.

அப்போ நாப்பதாவது வரியில இருந்தது...

இரு. எதுவும் பேசாதே. நீ பேசலைதான், தெரியும், இருந்தாலும் பேசாதே.

அப்போ அந்தக் குட்டி பதில் மூவ் ஆடிட்டா. என் கடிகாரம் ஓடிகிட்டு இருந்திருக்கு. நான் டீயை ஊதிகிட்டு இருக்கேன், ஆறு நிமிஷம் ஓடுது. ஹால்ல எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு, எனக்கு மட்டும் தெரியலை. யாரும் சொல்லக் கூடாது கண்ணு! எத்தனை மூவ் ஆச்சுன்னு நடுவரும் சொல்லக் கூடாது, அணிக்காரங்களும் சொல்லக் கூடாது. ஒரு வார்த்தை சொன்னாலும், ஒரு கை ஜாடை காட்டினாலும் ஆட்டம் அப்பவே போச்சு. அதான் அவ வாசல்லயே நின்னா. அதான் வாயைத் திறந்து திறந்து மூடினா. என்னை எழுப்பணும்னு கிண்ணத்தைத் தட்டி விட்டா... அவளுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான், வேற என்ன பண்ணுவா பாவி? நான் ஏரியை நினைச்சுக்கோன்னேன். ரொட்டி மென்னுகிட்டு. ஐயோ, அந்த ரொட்டியை நான் எவ்வளவு நேரம் மென்னேன்!

நாப்பது வருஷம் அவ பயந்தா பயந்தான்னு சிரிச்சேனே. பயந்ததாலதான் அவ ஒவ்வொரு மூவையும் விக்கிகிட்டே பத்து தடவை எண்ணுவா. இன்னைக்கு என் மூவையும் சேத்து எண்ணியிருக்கா. அவளைப் போய் பீடைன்னேன். வாசப்படி மிதிக்காதேன்னேன். எல்லார் முன்னாடியும்!

மறுபடி அடிக்குது. அவதான். ஏழாவது தடவை. திட்டுறதுக்கா இருக்கும்? இல்லை, அவ திட்ட மாட்டா. "சியாலா, வேன்ல இடம் கிடைச்சுதா, சாப்பிட்டியா"ம்பா. அதைத்தான் கேப்பா. அதுதான் என்னால தாங்க முடியாது.

கண்ணு... முன்னாடி சீட்டுக்கு அப்புறம் போகலாம், ஒரே நிமிஷம். இந்த போனைப் புடி. பச்சையா ஒண்ணு இருக்குல்ல, அதைத் தள்ளி விட்டுட்டு என் காதுல வை. நான் மூணு தடவை தள்ளிப் பாத்துட்டேன், எனக்கு... எனக்கு விரல் நிக்கமாட்டேங்குதும்மா.